தண்ணீர் குடித்த முழங்கால்

அவை நடுவே அமர்ந்து நேரத்தையும் என்னையும் ஒருசேரக் கண்காணித்துக்கொண்டிருக்கும் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எடுத்து வைத்திருந்த கைத்தட்டலிலும் பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையை முகத்தாலும் முதிர்ச்சியாலும் நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பட்டறையிலிருந்து கைகழுவிவிட்டு வந்தவர்களே, கழுவ நேரமில்லாமல் அப்படியே வந்தவர்களே, உள்ளே வருவதா வீட்டுக்குப் போவதா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் இரும்பில் குழி தோண்டிப் பிழைக்கும் ஓர் அச்சுக்காரனின் அன்பு வணக்கம்.

நெகிழி எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு உருப்பெறுகிறது என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் அம்மையார் மருத்துவர். "சுருக்கமா பேசுங்க, புரியற மாதிரி பேசுங்க" என்று மருந்து எழுதிக் கொடுப்பதுபோல் சொல்லி அனுப்பினார். சுருக்கமாகப் பேச வராது என்பது என் நோய். அதற்கு அவரிடமே மருந்து இல்லையாம்.

இதோ, மேடையில் தண்ணீர் மொள்ள ஒரு நெகிழிக் குவளை வைத்திருக்கிறார்கள். கவிழ்க்கிறேன், பாருங்கள். அடிப்பாகத்தின் நட்டநடுவில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறதா? விரலால் தடவினால் சொரசொரக்கும். தினமும் இந்தக் குவளையைத் தொடுகிறோம், தேய்க்கிறோம், கழுவுகிறோம், கவிழ்க்கிறோம். என்றாவது ஒருநாள் இது என்ன புள்ளி என்று கேட்டிருக்கிறோமா? இதுதான் ஐயா இந்தக் குவளையின் தொப்புள். இந்த வழியாகத்தான் உருகிய நெகிழி அச்சுக்குள் நுழைந்தது. இதோ ஓரத்தில் மெல்லிய கோடு, வகிடு எடுத்தாற்போல். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் அது. இதோ உட்புறம் வட்ட வட்டமாய்த் தடம். உறைந்த குவளையை அச்சிலிருந்து வெளியே தள்ளிய ஊசிகளின் கைவரிசை. பிறந்த கதையை உடம்பிலேயே எழுதிக்கொண்டு வருகிற பொருள் இது. படிக்கத்தான் நமக்கு நேரமில்லை.

அங்கே பின்வரிசையில் ஓர் ஐயா ஏதோ சொல்கிறார். என்ன ஐயா? "மொதல்ல பிளாஸ்டிக்கை ஒழிக்கணும்" என்கிறார். கைதட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். ஒரு நிமிடம் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிகிற பையை ஒழியுங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். சாக்கடையை அடைக்கிற உறையை ஒழியுங்கள், துடைப்பத்தை நான் எடுத்து வருகிறேன். ஆனால் ஐயா, உங்கள் மூக்குக்கண்ணாடியின் வில்லையும் நெகிழிதான். அதையும் ஒழித்துவிட்டால் நான் எங்கே நிற்கிறேன் என்று எப்படிக் கண்டுபிடித்துத் திட்டுவீர்கள்? சிரிக்கிறார். நல்ல மனிதர்.

எதிரியாக இருந்தாலும் நண்பனாக இருந்தாலும், இது எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நெகிழி என்பது என்ன? நீளம். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு மூலக்கூறுகளைக் கைகோத்து நிற்க வைத்தால் சங்கிலி. அந்தச் சங்கிலி ஆயிரக்கணக்கில் நீண்டால் நெகிழி. பெரும்பாலும் பூமியின் அடியில் கிடக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை, பெரிய கலன்களில், வெப்பத்திலும் அழுத்தத்திலும், கோத்து எடுக்கிறார்கள். அதை நூலாக இழுத்து, தண்ணீரில் குளிரவைத்து, அரிசி அளவுக்கு நறுக்கி, மூட்டையில் கட்டி எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு அனுப்புகிறார்கள். மூட்டையைப் பிரித்தால் மணிமணியாக இருக்கும். கையை விட்டு அளைந்தால் எடுக்க மனம் வராது.

அந்த மணிகளைக் கூம்புத் தொட்டியில் கொட்டுகிறோம். கீழே ஒரு நீண்ட உருளை. உள்ளே ஒரு திருகு. வெளியே சூடேற்றும் பட்டைகள். திருகு சுற்றும்போது மணிகள் நசுங்கி, உரசி, உருகி, முன்னே நகர்ந்து, முனையில் தேங்குகின்றன. அப்புறம் அந்தத் திருகே ஓர் உந்துதல் உந்தும். மூச்சு விடுகிற நேரத்துக்குள் அச்சு நிறைந்துவிடும். நிறைந்தபின் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் குளிரக் குளிர அது சுருங்கும். சுருங்கும் என்று தெரிந்துதான் நான் அச்சையே கொஞ்சம் பெரிதாகத் தோண்டுகிறேன். சட்டை தைப்பவர் துணி சுருங்குவதற்கு இடம் விட்டுத் தைப்பார் அல்லவா, அதே கணக்குத்தான் எங்களுக்கும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். அது என் வீட்டில் நடந்தது.

என் பட்டறையில் அச்சு என் கையில். வார்ப்பு இயந்திரம் என் மனைவியின் கையில். இதோ, மூன்றாவது வரிசையில், 'எதைச் சொல்லப் போறாரோ' என்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பட்டறையில் எல்லோரும் அவரைக் 'கோடை' என்று கூப்பிடுவார்கள். ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதுதான் கதை.

எனக்கு ஒரே தங்கை. பேருந்து நடத்துநர். நெரிசலில் நுழைந்து, நின்றபடி பயணச்சீட்டுக் கொடுத்து, படியில் தொங்குபவர்களை அதட்டி உள்ளே அனுப்பி, ஒரு நாளில் பாதி ஊரைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு விபத்தில் அவளுடைய வலது கால் போயிற்று. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நாங்கள் அழுதோம். அவளும் அழுதாள். அழுது முடித்தபின் அவள் கேட்ட முதல் கேள்வி, "மறுபடி எப்ப பஸ் ஏறலாம்?"

பணிமனை மேலாளர் நல்லவர். டிக்கெட் கவுன்டரில் ஒரு நாற்காலி தருகிறேன் என்றார். உட்கார்ந்த வேலை, மின்விசிறி, வெயில் இல்லை, மழை இல்லை. வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அண்ணா, அந்தக் கூண்டுல உக்காந்தா எனக்குத் தெரியறது ஜனங்களோட கை மட்டும்தான். கையப் பாத்துக்கிட்டே எத்தன வருஷம் இருக்கறது? எனக்கு மூஞ்சி வேணும். ஓடற வண்டி வேணும்."

அவள் விடவில்லை. மேலாளரும் கடைசியில் இறங்கி வந்தார். ஒரு நாள் குறித்தார். அன்றைக்கு ஓடும் பேருந்தில், நெரிசலில், நின்றபடி ஒரு முழு நடை வேலை செய்து காட்ட வேண்டும். காட்டினால் பேருந்து. தடுமாறினால் கவுன்டர், அதுவும் நிரந்தரமாக. இன்னொரு வாய்ப்புக் கேட்கக் கூடாது.

அவளுக்குப் பொருத்தியிருந்த செயற்கைக் காலின் முழங்கால் எஃகு. உறுதிதான். ஆனால் கனம். நான்கு நிறுத்தம் போவதற்குள் இடுப்பு கழன்றுவிடும் என்பாள். அப்போது செயற்கைக் கால் செய்பவர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். நாங்கள் அவரைக் கால்மாஸ்டர் என்போம். அவர் ஒரு மூட்டு வரைந்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் மெல்லிய உலோகப் பட்டை, நடுவில் நைலான் என்கிற நெகிழியில் வார்த்த கட்டை. கனம் பாதி. நைலான் வழவழப்பானது என்பதால் எண்ணெய் போடாமலே மடங்கும், நிமிரும். "நீங்க வார்த்துக் குடுங்க, நான் சோதிச்சுப் பொருத்தறேன். ஆனா ஒண்ணு, என் சோதனையில ஒடையற எதையும் நான் ஒரு மனுஷி கால்ல மாட்ட மாட்டேன்" என்றார். அவரிடம் ஓர் இயந்திரம் இருந்தது. முழங்கால் மூட்டை மடக்கி மடக்கி நிமிர்த்தும், நடுநடுவே ஓங்கி ஒரு குத்து விடும். பேருந்துப் படியில் தடாலென்று இறங்குகிறோமே, அந்தக் குத்து.

நான் அச்சு செய்தேன். மனைவி வார்த்தார். முதல் தடவை வந்த கட்டைகளின் மேல் வெள்ளி வெள்ளியாய்க் கோடுகள், நத்தை ஊர்ந்த தடம் போல. இயந்திரத்தின் முனையில் புஸ்ஸென்று சத்தம். கையால் வளைத்தாலே உதிர்ந்தது. காரணம் என்ன?

தண்ணீர்.

மழைக்காலம். மூட்டையைப் பிரித்து வைத்திருந்தோம். நைலான் இருக்கிறதே, அது ஈரத்தைக் கண்டால் விடாது. காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக் குடித்துவிடும். அப்படிக் குடித்த மணிகளை உருக்கினால், அந்த வெப்பத்தில் தண்ணீர் ஒரு கத்தியாகிவிடுகிறது. நீளம்தான் நெகிழி என்றேனே, அந்த நீளத்தையே நறுக்கிவிடுகிறது. சங்கிலி துண்டு துண்டானபின் பலம் எங்கே இருக்கும்?

அன்றைக்கு என் மனைவி ஒரு முடிவெடுத்தார். இந்தப் பட்டறையில் இனி ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. மணிகளைச் சூடான வறண்ட காற்றில் உலர்த்தும் கலன் வந்தது. கூம்புத் தொட்டிக்கு மூடி வந்தது. மூடிக்குப் பூட்டு வந்தது. ஈரக் கையோடு அந்தப் பக்கம் போனால் திட்டு விழும். என் தேநீர்க் குவளை நாடு கடத்தப்பட்டது. மழையில் நனைந்து வந்தவர்கள் வாசலிலேயே நின்று காய வேண்டும். கோடை என்று பெயர் வந்தது அப்போதுதான். உண்மையா இல்லையா என்று மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கேட்கிறேன். தலையாட்டுகிறார். வீட்டுக்குப் போனதும் என் நிலைமை என்ன என்று தெரியவில்லை.

கண்ணாடி போல் வந்தன அடுத்த கட்டைகள். கோடு இல்லை, குமிழி இல்லை, குறை இல்லை. அவ்வளவு அழகான பொருளை எப்படி அனுப்புவது? வெறுமனே அட்டைப்பெட்டியில் போட மனம் வருமா? அச்சிலிருந்து விழுந்த சூடு ஆறுவதற்குள், ஒவ்வொன்றையும் ஈரம் புகாத பளபளப்பான உறையில் போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலமும் வைத்து, வாயை ஒட்டி அனுப்பினார். நாத்தனார் காலுக்குப் போகிற பொருள். பிறந்த குழந்தையைப் போர்த்துகிற மாதிரிப் போர்த்தி அனுப்பினார்.

கால்மாஸ்டர் உறையைப் பிரித்தார். இயந்திரத்தில் மாட்டினார். முதல் குத்திலேயே படக்கென்று உடைந்தது.

இன்னொன்று. அதுவும் உடைந்தது.

அவர் அச்சைக் குறை சொன்னார். உள்மூலை கூர்மையாக இருக்கிறது, விசையெல்லாம் அங்கே போய்க் குவிகிறது என்றார். நியாயமான பேச்சு. மூலையை வளைவாக்கினேன். உடைந்தது. என் மனைவி உலர்த்தலைக் குறை சொன்னார். இன்னும் அதிக நேரம் உலர்த்தினார், உறையை இரட்டை உறையாக்கினார். அதுவும் உடைந்தது. நான் மணியைக் குறை சொன்னேன். புது மூட்டை வந்தது. உடைந்தது. ஒருவரை ஒருவர் குறை சொல்லிச் சொல்லி, கடைசியில் சாப்பாட்டு மேசையில் பேச்சே நின்றுபோயிற்று. குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கறை கூடக் கூட மூட்டு உடைகிறது. இது என்ன அநியாயம் என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் என் தங்கை பட்டறைக்கு வந்தாள். ஊன்றுகோல் இரண்டு, தோளில் ஒரு பை. பையிலிருந்து ஒரு நைலான் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதல்முதலாய் நன்றாக வந்த கட்டைகளில் ஒன்றை, 'என் முட்டி, நான் பாக்கக் கூடாதா' என்று அன்றைக்கே எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"அண்ணி, சுத்தியல் குடுங்க."

"எதுக்குடி?"

"ஒடையறது எப்படியும் ஒடையப்போகுது. அந்த மிஷின் எதுக்கு ஒடைக்கணும்? என் முட்டிய நானே ஒடைச்சுட்டுப் போறேன். போய் கவுன்டர்ல உக்காந்துக்கறேன். உங்க ரெண்டு பேரு சண்டையாவது தீரட்டும்."

அவள் கோபத்தில் பேசவில்லை. தோற்றுப்போன குரலில் பேசினாள். அது எனக்குத் தாங்கவில்லை. சுத்தியலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஓங்கி அடித்தாள்.

உடையவில்லை.

மறுபடி அடித்தாள். சுத்தியல் துள்ளித் திரும்பியது. கட்டையில் ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான். நான் வாங்கி அடித்தேன், என் பலமெல்லாம் கூட்டி அடித்தேன். உடையவில்லை. அதே நாளில் அதோடு வார்த்து, உறையிலேயே கிடந்த கட்டை ஒன்றைப் பிரித்து அடித்தேன். ஒரே அடியில் இரண்டு துண்டு.

அவையோரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த இடத்தில்தான் நான் பேசவந்த பொருளே இருக்கிறது. ஒரே அச்சு. ஒரே இயந்திரம். ஒரே மூட்டை. ஒரே கை. ஒன்று உடைகிறது, ஒன்று உடையவில்லை. இப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 'அப்பாடா, ஒன்றாவது தேறியதே' என்று அதை எடுத்துப் பொருத்திவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் கையை நீட்டியும்விட்டேன். என் மனைவி என் கையைத் தட்டிவிட்டார்.

"இருங்க. இது ஏன் ஒடையலன்னு தெரியாம இத மாட்ட விடமாட்டேன்."

கட்டையைக் கையில் எடுத்தார். உருட்டினார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் நிறமிப் பொடி நிறுக்கிற சிறிய தராசில் வைத்தார். அதே நாளில் வார்த்த இன்னொரு கட்டையை உறையிலிருந்து எடுத்து அதையும் வைத்தார். தங்கையின் கட்டை கனம் அதிகம். கொஞ்சம்தான், ஆனால் அதிகம். ஒரே அச்சில் பிறந்த இரண்டில் ஒன்று எப்படிக் கனத்தது? எங்கிருந்து வந்தது அந்தக் கனம்?

"இத எங்க வெச்சிருந்தே?"

"திட்டாதீங்க அண்ணி."

"திட்டல. சொல்லு."

"கொல்லையில தண்ணி டிரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. எப்படியும் ஒடையறதுதானேன்னு இத அதுக்கு அடியில முட்டுக் குடுத்து வெச்சிருந்தேன்."

"அங்க எப்பவும் தண்ணி தேங்கி நிக்குமே."

"ஆமா. தண்ணியிலதான் கெடந்துச்சு."

என் மனைவியின் முகத்தை நான் பார்த்தேன். எந்தத் தண்ணீரை விரட்டுவதற்குப் பூட்டுப் போட்டாரோ, எந்தத் தண்ணீருக்காக ஊராரிடம் பெயர் வாங்கினாரோ, அந்தத் தண்ணீர்தான் இந்த ஒரே கட்டையைக் காப்பாற்றியிருக்கிறது. 'இல்லை, அப்படி இருக்காது' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் இருந்தது, அனுபவம் இருந்தது, பட்டறையில் அதிகாரமும் இருந்தது. அவர் சொல்லவில்லை. அப்புறம் மணி அனுப்புகிற நிறுவனத்தின் பொறியாளருக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், எங்களுக்கும் கேட்டது.

"என்னது, சூடா இருக்கும்போதே ஒறையில போட்டு ஒட்டிட்டீங்களா? யாருங்க அப்படிச் செய்வாங்க? சும்மா வெளிய போட்டு வெச்சாலே காத்துல இருக்கற ஈரத்த அதுவே மெல்ல மெல்லக் குடிச்சுக்குமே. அவசரம்னா வெந்நீர்ல ஊற வெப்பாங்க. ஒருத்தரும் இவ்ளோ பத்திரமா மூடி வெக்கமாட்டாங்கன்னுதான் நானும் சொல்லல."

கேட்டீர்களா? மற்ற பட்டறைகளில் கட்டைகளைத் தரையில் குவித்துவைப்பார்கள், திறந்த பெட்டியில் போட்டு மறந்துவிடுவார்கள். காற்று வரும், ஈரம் வரும், நைலான் குடிக்கும், உறுதியாகும். அங்கே அலட்சியம் செய்து முடிக்கிற வேலையை எங்கள் பட்டறையில் அக்கறை வந்து தடுத்துவிட்டது.

ஏன் இப்படி? ஆசையோடு கேட்கிற முகங்கள் தெரிகின்றன, சொல்கிறேன். நைலான் சங்கிலியில் ஆங்காங்கே கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த நைலானில் ஒரு சங்கிலியின் கை பக்கத்துச் சங்கிலியின் கையை இறுகப் பிடித்திருக்கும். அசையாது. அசையாததால் விறைப்பு. விறைத்ததை ஓங்கி அடித்தால் வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். தண்ணீர் மெல்ல உள்ளே நுழைந்தால் அந்தக் கைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பிடி தளரும். அடி விழுந்தால் சங்கிலிகள் கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் நெகிழ்ந்து, அடியை வாங்கிப் பகிர்ந்துகொள்ளும். உருகும்போது தண்ணீர் பகை. உறைந்தபின் அதே தண்ணீர் உறவு. வார்ப்பதற்கு முன் ஒரு சொட்டுக்கூட ஆகாது. வார்த்தபின் வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். நேரம் மாறினால் நியாயமும் மாறுகிற விந்தை இது. இத்தனை வருடம் தொழிலில் இருந்தும் நான் வாய்பிளந்து கேட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம். உள்ளே கொதிக்கிற தண்ணீர். தண்ணீருக்குள் முழங்கால் மூட்டுகள். கரண்டியோடு பக்கத்தில் கோடை. "உப்பு போட்டாச்சா?" என்று கேட்டேன். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார். என் தங்கையும் சிரித்தாள். ஆனால் கவலை தீர்ந்துவிட்டதா? இல்லை.

ஊறிய கட்டையைக் கால்மாஸ்டரின் இயந்திரம் எத்தனை குத்தியும் உடைக்க முடியவில்லை. ஆனால் உலோகப் பட்டைகளுக்கு நடுவே வைத்தால் மடங்கவில்லை. இறுகிப் பிடித்துக்கொண்டது. ஏன்? தண்ணீர் குடித்தால் உடம்பு பெருக்காதா? கட்டை பருத்துவிட்டது. தலைமுடி அளவுக்குத்தான். ஆனால் மூட்டுக்கு அது போதும். இப்போது முறை என்னுடையது. அச்சின் குழியை இன்னும் சிறியதாக்க வேண்டும். தாய்மார்களே, செதுக்கிப் பெரிதாக்குவது எளிது. ஒருமுறை தோண்டிவிட்ட இரும்பை எப்படிச் சிறிதாக்குவது? குழியின் ஒரு பக்கச் சுவரையே வெட்டி எடுத்து, புதிய எஃகுத் தகடு ஒன்றைச் செதுக்கி, அரத்தால் தேய்த்து, அந்த இடத்தில் பதித்தேன். சுருங்குவதற்கு எவ்வளவு, பிறகு குடித்துப் பெருப்பதற்கு எவ்வளவு என்று இரண்டையும் கூட்டிக் கழித்துப் பதித்தேன். இருக்கும் அளவுக்கு இல்லை, இனிமேல் ஆகப்போகும் அளவுக்கு அச்சு செய்தேன். வார்த்தோம். ஊறவைத்தோம். மாட்டினோம். மடங்கியது. நிமிர்ந்தது. கால்மாஸ்டர் தன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "கூட்டிக்கிட்டு வாங்க உங்க தங்கச்சிய" என்றார்.

குறித்த நாள் வந்தது. நானும் மனைவியும் பயணிகளாக ஏறினோம். மேலாளர் முன்னிருக்கையில். பேருந்தில் நிற்க இடமில்லை. அவள் ஏறினாள். சீருடை, தோள்பை, கையில் சீட்டு இயந்திரம். பின்னாலிருந்து முன்னால் வந்தாள். முன்னாலிருந்து பின்னால் போனாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் படியிறங்கி ஏறினாள். என் மனைவி சன்னலைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தப் படக் சத்தம் வந்துவிடுமோ என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கடைத்தெருத் திருப்பத்தில் யாரோ குறுக்கே வந்தார்கள். ஓட்டுநர் அழுத்தினார் பாருங்கள் ஒரு பிரேக். நின்றவர்கள் அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் எதிர் இருக்கையில் முட்டிக்கொண்டேன். பருமனான ஒருவர் முழுக் கனத்தோடு என் தங்கையின் மேல் விழுந்தார். அவளுடைய வலது கால் ஊன்றியிருந்தது. நைலான் கட்டை அத்தனை கனத்தையும் வாங்கியது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள், இன்னொரு கையால் அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க ஸ்டாப்பு அடுத்ததுதான் சார். அதுக்குள்ள எறங்கப் பாக்கறீங்களே."

பேருந்தே சிரித்தது. மேலாளர் பதறி எழுந்து வந்தார். "ஏம்மா, கால் எப்படி இருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தக் கால் சார்?"

மேலாளர் அவளுடைய இரண்டு கால்களையும் பார்த்தார். மாறி மாறிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன் அவையோரே, அந்த நொடியில் அவருக்கு எது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தார். என் பக்கத்தில் கோடை அழுதுகொண்டிருந்தார். அந்த இயந்திரத்துப் பக்கம் ஒரு சொட்டு ஈரம் விடாதவரின் கண்ணில் அன்றைக்கு நிற்காமல் வந்தது. நானும் அழுதேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

சபையோரே, என் தங்கையைக் காப்பாற்றியது எது? அன்பா? அன்பு எங்களிடம் ஏராளமாக இருந்தது. அந்த அன்புதான் உறையில் போட்டு ஒட்டியது. அந்த அன்புதான் இரட்டை உறை போட்டது. உழைப்பா? உழைப்புக்கும் குறைவில்லை. உழைக்க உழைக்க உடைந்தது. காப்பாற்றியது ஒரு கேள்வி. 'இது ஏன் உடையவில்லை' என்ற ஒரே ஒரு கேள்வி. உடைந்ததைப் பார்த்து ஏன் என்று கேட்க எல்லோருக்கும் வரும். உடையாததைப் பார்த்து ஏன் என்று கேட்க எத்தனை பேருக்கு வரும்? பதில் தன்னையே குற்றவாளியாக்கும் என்று தெரிந்த பின்னும் 'எங்கே வைத்திருந்தாய்' என்று கேட்க எத்தனை பேருக்கு வரும்? தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் குவளையைக் கவிழ்த்து இது என்ன புள்ளி என்று கேட்டால், கொட்டாதே என்று அதட்டாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கூடச் சேர்ந்து கவிழ்த்துப் பாருங்கள். கொட்டுகிற தண்ணீரைத் துடைத்துக்கொள்ளலாம். கேட்காமல் போன கேள்வியை எதைக் கொண்டு துடைப்பது? அக்கறையோடு ஆராய்வும் சேர்ந்தால்தான் ஒரு மனுஷி எழுந்து நிற்க முடியும். எங்கள் பட்டறையில் கற்றது இது. வேறெதுவும் நான் கற்கவில்லை.

தலைவர் அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவரைவிட அதிகமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இந்த மண்டபத்தின் வாசலுக்கு எதிரே இன்னும் சிறிது நேரத்தில் ஒரு பேருந்து வந்து நிற்கும். அதன் நடத்துநர் இன்றைய கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார், வேலை நேரமாம். 'நீ பேசிக்கிட்டே இருந்தாலும் வண்டி நிக்காது அண்ணா, விசிலடிச்சுருவேன்' என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏறிக்கொள்ளுங்கள். உட்கார இடமிருக்காது. நின்றுகொண்டுதான் வர வேண்டும். அவளும் நின்றுகொண்டுதான் வருகிறாள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பிள்ளைகளைத் தூங்கவிடாமல் கேட்கவைத்த தாய்மார்களுக்கும், திட்டிக்கொண்டே கடைசிவரை இருந்த பின்வரிசை ஐயாவுக்கும், மேடை கொடுத்த அம்மையாருக்கும், மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் கோடைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம், போய் வருகிறேன், அதோ விசில் சத்தம் கேட்கிறது.